காவலுடன் பார்த்த புதுச்சேரி

புதுச்சேரிக்குச் சிலர் கடலைப் பார்க்கப் போவார்கள். சிலர் குடிக்கப் போய், போனதற்குக் கடலையும் பார்த்துவிட்டு வருவார்கள். நான் இரண்டிலும் சேர்த்தியில்லை. ஊரைச் சுற்றிப் பார்க்கும்படி எனக்கு உத்தரவு. பார்க்காமல் அடம்பிடித்தால் என் மகனுக்கு இடம் கிடையாது.

ஈரோட்டில் எனக்குப் பெட்ஷீட் வியாபாரம். பாஸ்போர்ட் எடுத்ததில்லை. ஆகவே பிரெஞ்சுக்காரன் ஆண்டுவிட்டுப் போன ஊருக்குப் போவதையே வெளிநாட்டுப் பயணம் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். கூட வந்தவன் என் மகன் கதிர். இருபத்தாறு வயது, என்னைவிட அரையடி உயரம். உடம்பு வளர்ந்த வேகத்துக்கு அறிவு வளரவில்லை. பேசுவது சில சொற்கள்தான்; சிரிப்பதற்கு மட்டும் கணக்கு வழக்கில்லை. என் மனைவி சரசுவுக்குப் போன வருடம் இருதய ஆபரேஷன் ஆனது. அவ்வளவு பெரிய பிள்ளையைப் பிடித்துக் குளிப்பாட்ட இனி அவளால் ஆகாது. எனக்கும் மூட்டு வலி. எங்களுக்கு அப்புறம் இவனுக்கு யார் என்ற கேள்வியை நாங்கள் இருவரும் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டதில்லை. லைட்டை அணைத்த பிறகு இரண்டு பேருக்குமே தூக்கம் வருவதில்லை, அவ்வளவுதான்.

ரெட்டியார்பாளையத்தில் ஓர் இல்லம் இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். கதிரைப் போன்ற பிள்ளைகளைப் பெற்றவர்களே கூடி ஆரம்பித்து, அவர்களே நடத்துவது. அங்கே ஒரு கட்டில் காலியாகியிருந்தது. வியாழன் முதல் ஞாயிறு வரை கதிர் அங்கே இருந்து பழகிப் பார்க்க வேண்டும். ஒத்துவந்தால் கட்டில் அவனுக்கு. அதுவரை அப்பன்காரன் வாசல் பக்கம் தலைகாட்டக் கூடாது, போன் போட்டு உயிரை வாங்கக் கூடாது. ஊரைவிட்டும் ஓடக் கூடாது. கூப்பிட்டால் வந்து நிற்கிற தூரத்தில் இருக்க வேண்டும்.

இல்லத்தின் தலைவி கிறிஸ்தீன் அம்மா. எழுபது வயது, வெள்ளைச் சேலை, நெற்றிக்கு மேலே தூக்கிவிட்ட கண்ணாடி. அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். மகள் மரிக்கு நாற்பது வயதுக்கு மேல், கதிரின் கூட்டம். குடும்பம் பிரான்சிலிருந்து திரும்பி வந்தபோது மரிக்குப் போக இங்கே ஓர் இடமில்லை.

"அங்க காலைல வேன் வரும், சாயந்திரம் கொண்டாந்து வுடும். அதையெல்லாம் கவர்மெண்டு பாத்துக்கிச்சு முசியே," என்றார். "இங்க வந்து கேட்டேன். இங்கயும் கவர்மெண்டு பாத்துச்சு. என்னை மேலயும் கீழயும் பாத்துச்சு."

முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்று என்னை யாரும் அதுவரை அழைத்ததில்லை. நெஞ்சை நிமிர்த்தினேன். அடுத்த நொடியே அவர் நிமிர்ந்த நெஞ்சில் குத்துகிற மாதிரி ஒன்றைச் சொன்னார்.

"பையன்கிட்ட சொல்லிட்டுக் கெளம்புங்க. எங்க போறீங்க, எப்ப வருவீங்க, ரெண்டும் சொல்லணும். ஏமாத்திட்டுப் போகக் கூடாது. இங்க சட்டம்னு இருக்கிறது அது ஒண்ணுதான்."

கதிர் முற்றத்தில் ஊஞ்சல் சங்கிலியை ஆராய்ந்துகொண்டிருந்தான். பக்கத்தில் போய் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது தினமும் காலையில் வீட்டில் சொல்கிற அதே வசனம்.

"அப்பா கடைக்குப் போய்ட்டு வந்தர்றேன் சாமி."

அவன் தலையாட்டினான். நான் கிறிஸ்தீன் அம்மாவிடம் திரும்பி வந்து, "சொல்லீட்டனுங்க," என்றேன். ஏதோ ஒன்றைச் சொல்லியிருந்தேன்தானே.

வெளியே ஸ்கூட்டரில் ஒருவர் காத்திருந்தார். பாஸ்கரன், மின்துறையில் ரிட்டையர் ஆனவர், இல்லத்தை ஆரம்பித்த அப்பாக்களில் ஒருவர். அந்த நாலு நாளும் என்னை வாசலுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. புதிதாகப் பிள்ளையை விடுகிற ஒவ்வொருவருக்கும் இங்கே பழைய பெற்றோர் ஒருவர் காவல்.

"தப்பா நெனைக்காதீங்க சார். பட்ட பின்னாடிதான் இந்தக் காவல வெச்சிருக்கோம்," என்றார் வண்டியை உதைத்துக்கொண்டே. "ஒருத்தரு பக்கத்து வீட்டு மாடில ஏறி எட்டிப் பாத்தாரு. ஒரு அம்மா முக்காடு போட்டுக்கினு கீரை விக்கிற மாதிரி வந்தாங்க. அவங்க பையன் பாத்துட்டான். 'அம்மா, கீரை வேணாம்!'னு ஒரே சத்தம்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே பக்கத்து வீட்டு மாடி எவ்வளவு உயரம் இருக்கும் என்று திரும்பிப் பார்த்ததை அவர் கண்ணாடியில் கவனித்துவிட்டார்.

சாயங்காலம் கடற்கரைச் சாலை. சிவப்புத் தொப்பி போலீஸ்காரரைக் கண்டதும் காரணமில்லாமல் பாஸ்கரனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். பிள்ளையை விட்டுவிட்டு ஓடிவந்தவன் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்குமோ? போலீஸ்காரர் என்னிடம் மணி கேட்டார். சொன்னேன், என்ன சொன்னேன் என்று தெரியாது. போகிற வழியில் மரத்தடியில் நாலு பெரியவர்கள் இரும்புக் குண்டை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் அந்த வயதுக்காரர்கள் காவிரிக் கரையில் உட்கார்ந்து மருமகளைத் திட்டுவார்கள். இவர்கள் திட்டுவதும் அதேதான், பிரெஞ்சில் திட்டுகிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று பாஸ்கரனைக் கேட்டேன். காதைத் தீட்டிக்கொண்டு தமிழில் சொன்னார்:

"அந்தக் கண்ணாடி போட்டவரு குண்டைத் தப்பா வுட்டுட்டாரு. அதுக்கு இவரு சொல்றாரு, உனக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ண டாக்டரு அதுக்கு முன்ன வாழைப்பழத்துலதான் பழகியிருப்பான்னு."

"அவரு என்ன சொல்றாருங்க?"

"சாமிய இழுக்குறாரு. அதை நான் சொல்ல மாட்டேன்."

இரவு ஒரு பேக்கரியில் முழ நீள ரொட்டியும் மட்டன் குருமாவும் வாங்கிக் கொடுத்தார். ரொட்டியைக் கடித்தேன், ரொட்டி ஜெயித்தது. குருமாவில் ஊறவைத்தபின்தான் சமாதானத்துக்கு வந்தது. நாலு வாய்க்கு ஒருதரம் போனைத் திருப்பிப் பார்த்தேன். இல்லத்திலிருந்து அழைப்பு இல்லை. அழைப்பு வந்தால் பயம் என்றுதான் நினைத்திருந்தேன். வராவிட்டால் அதைவிடப் பயம் என்பது அன்றைக்குப் புரிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் சரசு கூப்பிட்டாள்.

"என்னங்க, தூங்குனானா?"

"கேக்கக் கூடாதாமா."

சின்னக் குரலில், "நான் தூங்கீட்டனுங்க," என்றாள். "படுத்தது தெரியும். கண்ணு முழிச்சா பால்காரன் பெல் அடிக்கறான். எத்தன வருசமாச்சு." சந்தோஷமாகச் சொல்ல ஆரம்பித்து, ஏதோ திருடியவள் மாதிரி முடித்தாள்.

நான் தங்கியிருந்த லாட்ஜில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தலைவலி, படுக்கிறேன் என்று பாஸ்கரனிடம் சொன்னேன். அவர் எதிர்ச் சாரியில் டீக்கடையில் உட்கார்ந்து லாட்ஜ் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வாசல் வழியாக இறங்கி, சினிமா வில்லன் போல் கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ரெட்டியார்பாளையத்தில் இறங்கித் தெருமுனையில் நின்று ஒரே ஒரு பார்வை. அதற்கு மேல் ஆசைப்படவில்லை. கிளம்பிக்கொண்டிருந்த ஒரு வண்டியில் தாவி ஏறிக் கடைசி சீட்டில் தலையைக் குனிந்துகொண்டேன். பாஸ்கரனின் ஸ்கூட்டர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே. தலையை நிமிர்த்தியபோது பஸ் ஓர் ஆற்றுப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. ரெட்டியார்பாளையம் போகும் வழியில் ஆறு எதையும் நான் பார்த்திருக்கவில்லை.

"ரெட்டியார்பாளையமா?" என்றார் கண்டக்டர். "அது விழுப்புரம் ரோடு. இது கடலூர் வண்டி. ஏறும்போது எங்க பாத்துக்கினு இருந்த?"

"தலையக் குனிஞ்சிருந்தனுங்க."

"ஏன், வாந்தி வர்தா? வந்தா சொல்லிடு, நிறுத்தறேன். வண்டிய இப்பத்தான் கழுவினோம்."

முன் சீட்டில் மீன் கூடையோடு இருந்த பெண் திரும்பிப் பார்த்து, "பாவம், முழியே சரியில்ல. பொண்டாட்டியோட சண்டை போட்டுக்கினு வந்திருப்பாரு," என்றாள். அதற்குப் பிறகு பஸ்ஸில் எல்லோரும் என்னிடம் அன்பாக நடந்துகொண்டார்கள். தவளக்குப்பத்தில் இறக்கிவிட்டபோது, வீட்டுக்குப் போய்விடும்படி ஒரு பெரியவர் புத்தி சொன்னார்.

தவளக்குப்பம் கூட்டுரோட்டில் நாலு பக்கமும் கடை, நாலு பக்கமும் ஹாரன். ஒரு டீ சொல்லிவிட்டு அடுத்தது என்ன என்று யோசிக்கும்போது போன் அடித்தது. கிறிஸ்தீன் அம்மா.

"முசியே, பையன்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனீங்க?"

சொன்னேன்.

"அதானே," என்றார். "நேத்துலேர்ந்து கேட்டாண்டயே நிக்கிறான். கூப்பிட்டா வர மாட்டேங்கிறான். 'கடை, கடை'ங்கிறான். நீங்க எங்க கீறீங்க, லாட்ஜுலதானே?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்தில் ஒரு பஸ், "கடலூர் கடலூர் கடலூர்!" என்று கத்தியது. மறுமுனையில் பெருமூச்சு. "பாஸ்கரன அனுப்புறேன். நின்ன எடத்துலயே நில்லுங்க."

அவர் வந்து சேர்வதற்குள் ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கட் பாக்கெட்டும் ஒரு பொம்மை லாரியும் வாங்கியிருந்தேன். பாஸ்கரன் ஸ்கூட்டரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினார். திட்டுவார் என்று பார்த்தேன். கையிலிருந்ததையெல்லாம் வாங்கி டீக்கடைக்காரரிடம் கொடுத்தார்.

"வெறுங்கையோட வாங்க சார். பொருளைக் குடுத்தா, கடைக்குப் போனது நெசம்னு ஆயிடும்."

போகிற வழியெல்லாம் அவர் முதுகைப் பார்த்தபடி வந்தேன். கதிர் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கம்பியின் துரு இரண்டு உள்ளங்கையிலும் படிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரிப்பு. கதவைத் திறந்ததும் என் கையைப் பிடித்து ரோட்டுப் பக்கம் இழுத்தான். போகலாம் என்று அர்த்தம்.

நான் செய்தது என்ன தெரியுமா? கழுத்தை நீட்டி வாத்து மாதிரி நடந்து காட்டினேன். ஊசி போடும்போது, முடி வெட்டும்போது, சரசுவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனபோது என்று எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் வாத்துதான். கதிர் கைதட்டிச் சிரித்தான். கிறிஸ்தீன் அம்மா சிரிக்கவில்லை.

"சொல்லுங்க முசியே."

"அப்பா போறேன் சாமி," என்றேன். "தூரத்துல தூங்குவேன். ஞாயித்துக்கெழம வருவேன். நீ இங்க இருக்கோணும்."

அவன் என் வாயையே பார்த்தான். "கடை?"

"கடை இல்ல. அப்பா பொய் சொல்லீட்டேன்."

கத்துவான், அடிப்பான், தரையில் உருளுவான் என்று உடம்பை இறுக்கிக்கொண்டு நின்றேன். ஒன்றுமில்லை. என் கையை விட்டான். விரல் விரலாக விட்டான். திரும்பிக் கூடத்துக்கு நடந்தான். அங்கே மரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

கிறிஸ்தீன் அம்மா தண்ணீர் கொடுத்தார். "இந்த எடம் என் வூட்டு கார் ஷெட்டுல ஆரம்பிச்சது. மூணு குடும்பம். அப்ப எல்லாருமே பொய் சொல்லிட்டுத்தான் போவோம். கடைக்கு, கோயிலுக்கு, பால் வாங்க. பிள்ளைங்க சாயந்திரம் வரைக்கும் கேட்டையே பாத்துக்கினு குந்தியிருக்கும். பாட்டு சொல்லிக்குடுத்தா பாடாது, சோறு போட்டா துன்னாது. தப்பு பிள்ளைங்க மேலன்னு ஒரு வருஷம் நெனைச்சுக்கினு இருந்தோம்." டம்ளரை வாங்கிக்கொண்டார். "போய் ஊரைப் பாருங்க. இனிமே தப்பிச்சு ஓட மாட்டீங்க."

சனிக்கிழமை பாஸ்கரன் என்னை உப்பளம் பகுதியில் இருக்கும் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனார். சங்கரா மீன் குழம்பு. ஆற்று மீனின் முள்ளுக்கே வழி தெரியாதவன் நான். கடல் மீனின் முள் என் தொண்டையில் நின்று ஊரைப் பார்த்தது. அவர் மனைவி சோற்று உருண்டையை வெறுமனே விழுங்கச் சொன்னார். அப்போது உள்ளறையிலிருந்து ஒரு பெண் வந்து பாஸ்கரனின் தோளில் சாய்ந்துகொண்டாள். முப்பது வயது இருக்கும். இரட்டைச் சடை, கையில் ஒரு பழைய ரிமோட். எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"எம் பொண்ணு வித்யா," என்றார்.

"லீவுக்கு வந்திருக்குதுங்களா?"

பாஸ்கரன் மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார். பதில் அவர் மனைவியிடமிருந்து வந்தது.

"லீவா? அந்தக் கட்டடத்துக்கு ஒயரிங் இழுத்தது இவரு. வூடு வூடா போய்ப் பேசி ஆளு சேத்தது இவரு. எம் பொண்ணு ஒரு ராத்திரி அங்க படுத்தது இல்ல. மூணு தடவ வுட்டாரு, மூணு தடவயும் பொழுது சாயறதுக்குள்ள போய்த் தூக்கிக்கினு வந்துட்டாரு. ஊருக்கெல்லாம் இவரு காவலு. இவருக்கு யாரு காவலு, கேளுங்க."

"குழம்பு ஊத்து," என்றார் பாஸ்கரன்.

"ஊத்துறேன். எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு ஆச்சுன்னா இவளுக்கு யாரு ஊத்துவாங்கன்னும் கேளுங்க."

நான் கேட்கவில்லை. வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது அவராகவே சொன்னார். "இப்பக் கொண்டுபோனா இவ பழக மாட்டா சார். இருவது வயசுல பழகியிருப்பா. எனக்கு அப்ப தெகிரியம் இல்ல." ஸ்கூட்டர் நாலு உதைக்குப் பிறகுதான் கிளம்பியது. பின்னால் உட்கார்ந்தபடி நான் அவருக்காக வருத்தப்பட்டேன். நானாக இருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன் என்றும் நினைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் போனபோது இல்லத்தில் சாப்பாட்டு நேரம். நீள மேசை. கதிர் மரிக்குப் பக்கத்தில் இருந்தான். முன்னால் தட்டு, சாம்பார் சோறு, உருளைக்கிழங்கு. அவன் கை தட்டுக்குள் போயிற்று. ஒரு பிடி அள்ளியது. பாதி மேசையில் சிந்த, மீதி வாய்க்குப் போயிற்று.

பிறந்ததிலிருந்து அவனுக்குச் சோறு ஊட்டுவது நான்தான். கையில் பிடிக்கத் தெரியாது, சிந்திவிடுவான், பட்டினி கிடப்பான் என்று மூன்று வேளையும் கடையை மூடிவிட்டு வந்து ஊட்டியிருக்கிறேன். கல்யாணம், கருமாதி எதற்கும் இருந்து சாப்பிட்டதில்லை. அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

"யாருங்க பழக்குனது?"

"யாரும் இல்ல," என்றார் கிறிஸ்தீன் அம்மா. "வெள்ளிக்கெழம ராத்திரி பசிச்சிருக்கு. மரி துன்றதைப் பாத்தான். தானே எடுத்துக்கிட்டான்."

கதிர் என்னைப் பார்த்தான். சோற்றுக் கையை ஒருதரம் தூக்கிக் காட்டினான். மறுபடி தட்டுக்குக் குனிந்துகொண்டான்.

"கட்டில் அவனுக்குத்தான்," என்றார் அவர். "இப்பயே வுட்டுட்டுப் போங்க. வூட்டுக்குப் போய்ட்டு வந்தா திரும்ப முதல்லேர்ந்து பழக்கணும். எங்களால எடத்தையும் ரொம்ப நாளு காலியா வெச்சிருக்க முடியாது. சொல்லிட்டுப் போங்க, தாங்குவான்."

வெளியே வந்து சரசுவைக் கூப்பிட்டேன். அழுவாள், கூட்டிவரச் சொல்வாள், அதையே சாக்காக வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டாள். தானாகச் சாப்பிட்டதைச் சொன்னபோது இரண்டு தரம் திரும்பச் சொல்லச் சொன்னாள். பிறகு, "வுட்டுட்டு வாங்க," என்றாள். குரல் உடையவில்லை. "நாம இருக்கறப்பவே பழகட்டும். வுட்டுட்டு வந்துருங்க."

திரும்பி உள்ளே போனேன். கதிர் கை கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீரை மரியின் மேல் தெறித்து இருவரும் சிரித்தார்கள். நான் என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். போன தடவை சொன்னதுதான். அதைவிடக் கொஞ்சம் நீளம்.

"இந்தத் தடவ கூட்டீட்டுப் போறனுங்க," என்றேன். "தீபாவளி கழிச்சு..."

கிறிஸ்தீன் அம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி என்னைப் பார்த்தார். "வூட்டம்மா வரச் சொன்னாங்களா?"

"இல்லீங்க. அவ வுடச் சொல்லீட்டா. நான்தானுங்க."

பாஸ்கரன் கதிரின் பையை எடுத்து வந்தார். பஸ் ஏற்றிவிட்டு ஜன்னல் வழியாக என் தோளைத் தட்டினார். முதல் மூன்று நாட்களும் ஓயாமல் பேசிய மனிதர். என்னிடம் சொல்லக்கூடியது அவரிடம் எதுவும் இருக்கவில்லை போலும். இதை எழுதுகிற இன்றைக்கு அந்தக் கட்டிலில் விழுப்புரத்துப் பையன் ஒருவன் தூங்குகிறான். நன்றாகப் பழகிவிட்டானாம். அவன் அப்பாவுக்கும் பாஸ்கரன்தான் காவல் இருந்தார்.

ஈரோட்டில் கதவைத் திறந்த சரசு முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள். கதிரின் கன்னத்தைத் தடவி உள்ளே கூட்டிப் போனாள். நான் குளித்துவிட்டு வந்தபோது மேசையில் மூன்று தட்டு வைத்திருந்தாள். கதிரின் தட்டை அவனுக்கு எதிரில் நகர்த்திச் சோறு போட்டு, ரசம் ஊற்றி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கதிர் தட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சுவரில் மின்விசிறியின் நிழல் சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையும் பார்த்தான். கை மடியிலேயே இருந்தது.

"சாப்பிடு சாமி," என்றாள் சரசு. "அங்க சாப்பிட்டயாமா. அம்மா பாக்கறேன், சாப்பிடு."

அவன் என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தான்.

நான் பிசைந்து ஒரு வாய் ஊட்டினேன். நிதானமாக மென்றான். சரசு தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.